ஒரு கிட்டாருக்கு 6 ஸ்விட்ச் எதுக்கு? சிக்னேச்சர் மாடல்களின் வயரிங் கதை

லட்சங்களைக் கொட்டி ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறீர்கள். பெட்டியைப் பிரித்து, கேபிளைச் சொருகி, ஆம்ப்பை ஆன் செய்கிறீர்கள். ஸ்விட்ச்சை மேலே தள்ளினால் குண்டான, இதமான சத்தம். கீழே தள்ளினால் கூர்மையான சத்தம். ரெண்டுமே சூப்பர். சரி, நடுவில் வைத்துப் பார்க்கலாம் என்று வைத்தால், ஜலதோஷம் பிடித்தவர் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு மெலிந்த குரல் வருகிறது. அடியில் இருந்த கனம் மொத்தமும் காணோம்.

'பீஸ் டிஃபெக்ட்' என்று கடைக்குப் போன் போடத் தோன்றும். ஆனா, நீங்கள் வாங்கியது 2023-ல் கிப்சன் நிறுவனம் மெட்டாலிகா கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட் பெயரில் வெளியிட்ட 'கிரீனி' லெஸ் பால் என்றால், போனைக் கீழே வையுங்கள். நீங்கள் காசு கொடுத்தது அந்த மூக்குச் சத்தத்துக்குத்தான்.

சிக்னேச்சர் கிட்டார் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது பிரபலத்தின் கையெழுத்து, ஸ்பெஷல் கலர், கூட ஒரு சர்டிஃபிகேட். ஸ்னீக்கர், வாட்ச் கலெக்‌ஷன் மாதிரி இதையும் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் ஒரு கலைஞருக்கும் அவர் பெயர் போட்ட கிட்டாருக்கும் உள்ள உண்மையான தொடர்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது உள்ளே ஓடும் நாலைந்து வயரில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் ரெண்டு விதமாக ஏமாறலாம். நல்ல கிட்டாரைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பலாம். இல்லைன்னா, யாரோ வயரை மாற்றி வைத்த கிட்டாரை 'ஒரிஜினல்' என்று நம்பி முழு விலை கொடுக்கலாம்.

பெயர் போட்டவரே வாசிக்காத கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டார் உலகில் மிகப் பிரபலமான சிக்னேச்சர் மாடல் எது? பலருக்கு அது ஒருவருடைய பெயர் என்பதே தெரியாது. 1952-ல் கிப்சன் விற்பனைக்குக் கொண்டுவந்த 'லெஸ் பால்' மாடல்தான் அது. லெஸ் பால் (1915 - 2009) அமெரிக்க கிட்டாரிஸ்ட், கண்டுபிடிப்பாளர், பல டிராக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்யும் முறையின் முன்னோடி.

வேடிக்கை என்னவென்றால், உலகமே கொண்டாடிய அந்த சாதாரண லெஸ் பால் வயரிங்கில் அவருக்குப் பெரிய திருப்தி இல்லை. 'லோ இம்பீடன்ஸ்' எனப்படும் வேறு வகை பிக்-அப்களைத்தான் அவர் விரும்பினார். அவர் ரசனைப்படி 1971-ல் வந்த 'லெஸ் பால் ரெக்கார்டிங்' மாடலைப் பார்த்தால் கிட்டாரா, ரேடியோ ஸ்டேஷன் கன்ட்ரோல் பேனலா என்று சந்தேகம் வரும். அத்தனை நாப், அத்தனை ஸ்விட்ச். கடையில் அது பெரிதாகப் போகவில்லை. மக்களுக்குப் பிடித்தது பெயர். அவருக்குப் பிடித்தது ஸ்விட்ச். இந்த இழுபறி சிக்னேச்சர் கிட்டார்களில் இன்று வரை தொடர்கிறது.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே செவ்வகமாகத் தெரிகிறதே, அதுதான் பிக்-அப். காந்தம், அதைச் சுற்றி பல ஆயிரம் சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி. அவ்வளவுதான். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. காயிலில் ஒரு துளி மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப் பெரிதாக்குகிறது.

பிக்-அப் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். கழுத்துப் பக்கம் இருப்பது (நெக் பிக்-அப்) இதமான சத்தம் தரும். கம்பி கட்டியிருக்கும் அடிப்பக்கம் இருப்பது (பிரிட்ஜ் பிக்-அப்) கூர்மையாகப் பேசும். ஒரே கம்பியை ஒரே விரலால் மீட்டினாலும் எந்த இடத்தில் 'கேட்கிறோம்' என்பதைப் பொறுத்து குரல் மாறும்.

இன்னொரு பிரச்னை, இரைச்சல். ஒற்றைக் காயில் உள்ள பிக்-அப், கம்பியை மட்டும் கேட்பதில்லை. வீட்டு வயரிங்கில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டையும் சேர்த்துக் கேட்கும். அந்த 'உம்ம்ம்' சத்தத்தைக் கொல்ல, கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் என்ற இன்ஜினீயர் ரெண்டு காயில்களை எதிரெதிராகச் சேர்த்துக் கட்டினார். ஹம்மை முறியடிப்பதால் பெயர் 'ஹம்பக்கர்'. 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் அது வந்தது. இந்த ரெண்டு காயில் விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்விட்ச்

1954-ல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 3 பிக்-அப், 3 நிலை ஸ்விட்ச். ஒரு நேரத்தில் ஒரு பிக்-அப் மட்டும் பேசும். கம்பெனியின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஸ்விட்ச்சை ரெண்டு நிலைகளுக்கு நடுவே பேலன்ஸ் செய்து நிறுத்தினால் ரெண்டு பிக்-அப்கள் சேர்ந்து பேசுவதை வாசிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பளிச்சென்று, கொஞ்சம் வாத்து கத்துவது போன்ற ஒரு இனிமை. ஸ்விட்ச் நழுவாமல் இருக்க எதையாவது செருகி வைத்தவர்களும் உண்டு. ஃபெண்டர் இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டு 5 நிலை ஸ்விட்ச் வைத்தது 1977-ல்தான். 23 வருஷம்!

பயனர் கண்டுபிடித்த குறுக்கு வழி, பிறகு கம்பெனியின் ஃபீச்சர் ஆவது. ஆப் டெவலப்பர்களுக்கு இது ரொம்பப் பழகிய கதைதான். சிக்னேச்சர் கிட்டார்களில் உள்ள விநோத ஸ்விட்ச்கள் பலவும் இப்படி வந்தவையே.

சீரியல் செட்டும் வீட்டு வயரிங்கும்

ரெண்டு பிக்-அப்களைச் சேர்க்க ரெண்டு வழி உண்டு. ஒன்று பேரலல். வீட்டில் ஃபேனும் லைட்டும் இருப்பது போல, ஒவ்வொன்றும் தனித்தனியாக மெயின் லைனில் இணைந்திருக்கும். ஸ்ட்ராட்டின் 2, 4-ம் நிலைகளும், லெஸ் பால் ஸ்விட்ச்சின் நடு நிலையும் இந்த வகை. சத்தம் தெளிவாக, பளிச்சென்று இருக்கும்.

இன்னொன்று சீரீஸ். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பின் வாலில் அடுத்த பல்பின் தலை. பிக்-அப்களை இப்படிக் கோத்தால் ரெண்டின் மின்னழுத்தமும் கூடுகிறது. சத்தம் உரக்க, தடியாக, உச்சத்தில் உள்ள கூர்மை கொஞ்சம் மழுங்கி வரும்.

சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும் இல்லையா? சீரீஸ் கிட்டாரிலும் அதே சிக்கல். ஒரு பிக்-அப்பை 'ஆஃப்' செய்ய வயரைத் துண்டித்தால் கிட்டாரே ஊமையாகிவிடும். அதனால் அங்கே ஆஃப் ஸ்விட்ச்சின் வேலை தலைகீழ்: துண்டிப்பதில்லை, அந்த பிக்-அப்பைத் தாண்டிப் போக ஒரு பைபாஸ் ரோடு போட்டுக் கொடுக்கிறது.

மூன்றாவது விஷயம்தான் குழப்பமானது: ஃபேஸ். இங்கே ஃபேஸ் என்றால் மோட்டாருக்கு வரும் த்ரீ ஃபேஸ் கரன்ட் இல்லை. கம்பி மேலே போகும்போது ரெண்டு பிக்-அப்களும் 'பிளஸ்' என்றால், அவை ஒரே ஃபேஸில் இருக்கின்றன. ஒன்று 'பிளஸ்', இன்னொன்று 'மைனஸ்' என்றால் எதிர் ஃபேஸ். ஒன்றின் வயரை மாற்றிக் கொடுத்தாலோ, காந்தத்தைத் திருப்பி வைத்தாலோ இது நடக்கும்.

அப்போ சத்தமே வராதா? வரும். கனமான அடிச் சத்தங்களைப் பொறுத்தவரை கம்பியின் அசைவு ரெண்டு பிக்-அப்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். அதனால் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். மேல்சுரங்கள் இடத்துக்கு இடம் மாறுவதால் முழுசாக அழியாது. மிஞ்சுவது அந்த மூக்குக் குரல். (ஸ்ட்ராட்டின் 2, 4-ம் நிலைகளையும் 'அவுட் ஆஃப் ஃபேஸ்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. அவை ஒரே ஃபேஸில், பேரலலில் இருப்பவை. விற்பனை விளம்பரத்தில் இப்படி எழுதியிருந்தால் விற்பவருக்கு வயரிங் தெரியாது என்று அர்த்தம்.)

இப்போது கிரீனிக்கு வருவோம். அது ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால். அவருக்குப் பிறகு கேரி மூரிடம் போய், கை மாறி, 2014-ல் ஹாமெட்டிடம் வந்தது. அதன் நெக் பிக்-அப்பில் காந்தம் திரும்பியிருந்தது. தனியாக வாசிக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. ரெண்டும் சேரும் நடு நிலையில் மட்டும் அந்தக் குரல் வரும். அந்த பிக்-அப் பார்வைக்கும் தலைகீழாகத்தான் பொருத்தப்பட்டிருக்கும். அதைப் பார்த்து, பிக்-அப்பைத் திருப்பி மாட்டியதால்தான் அந்தச் சத்தம் என்று நம்பி, தங்கள் கிட்டாரிலும் அப்படியே திருப்பி மாட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். காரணம் உள்ளே இருக்கும் காந்தம்தான், வெளியே தெரியும் திசை இல்லை.

அப்பாவும் மகனும் கட்டிய 6 ஸ்விட்ச்

ஸ்விட்ச் கலையின் உச்சம் என்று என்னைக் கேட்டால் குயீன் குழுவின் பிரையன் மே வைத்திருக்கும் 'ரெட் ஸ்பெஷல்' என்பேன். ஃபெண்டர் வாங்க வசதியில்லாத அந்த லண்டன் பையன், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அப்பா ஹெரால்டுடன் சேர்ந்து 1963-ல் கிட்டாரைத் தானே செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு மரம், பழைய வீட்டு அடுப்பங்கணப்பின் மேல்சட்டம். ஸ்பிரிங், ஒரு பழைய பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வில் இருந்து. கழுத்தில் உள்ள வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பி பட்டன்கள். முடிக்க சுமார் ரெண்டு வருஷம் ஆனது. பிக்-அப் மட்டும் கடையில் வாங்கிய பர்ன்ஸ் ட்ரை-சோனிக். அவை ஆம்ப் அருகே கீச்சிடாமல் இருக்க உள்ளே அரால்டைட் ஊற்றி இறுக்கினார்கள். ஆமாம், நம்ம ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அதே அரால்டைட்தான்.

அந்த 3 பிக்-அப்களும் சீரீஸில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு ஸ்லைடு ஸ்விட்ச்: ஒன்று ஆன்/ஆஃப், இன்னொன்று ஃபேஸ். மொத்தம் 6. ஆனால் வால்யூம் நாப் ஒன்று, டோன் நாப் ஒன்று மட்டும்தான்.

இதில் எத்தனை சத்தம் கிடைக்கும்? 6 ஸ்விட்ச், ஒவ்வொன்றுக்கும் ரெண்டு நிலை என்றால் 64 என்று விளம்பரத்தில் போடலாம். ஆனால் ஆஃப் ஆன பிக்-அப்புக்கு ஃபேஸ் எப்படி இருந்தால் என்ன? ஆக, ஒவ்வொரு பிக்-அப்புக்கும் உண்மையில் மூன்று நிலைதான்: ஆஃப், நேர், எதிர். மூன்றை மூன்று முறை பெருக்கினால் 27. அதில் ஒன்று எல்லாமே ஆஃப், மிச்சம் 26. எல்லா பிக்-அப்களையும் ஒருசேரத் தலைகீழாக்கினால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படி இரட்டையாக வருபவற்றைக் கழித்தால், மிஞ்சுவது 13. தனித்தனியாக 3, ஜோடியாக 6, மூன்றும் சேர்ந்து 4.

13 உண்மையான குரல்கள், ஒரே கிட்டாரில்! சாதாரண ஸ்ட்ராட்டில் 5, லெஸ் பாலில் 3. கையால் கிட்டார் செய்த அந்தப் பையன் பிற்காலத்தில் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார் (2007, லண்டன் இம்பீரியல் கல்லூரி) என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இத்தனைக்கும் மே பெரும்பாலும் வைத்திருப்பது நடு பிக்-அப், பிரிட்ஜ் பிக்-அப் ரெண்டும் ஒரே ஃபேஸில், சீரீஸில். அந்தத் தடிமனான, பாடுகிற மாதிரியான குரலின் அடித்தளம் அதுதான். மற்றவை தேவைப்படும் பாட்டுக்கு.

கலெக்டர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ரெட் ஸ்பெஷலின் நகல்களை 1980-களில் கில்ட் நிறுவனம் வெளியிட்டது. பிறகு பர்ன்ஸ் பெயரில் வந்தது. இப்போது மேயின் சொந்த நிறுவனமான பிரையன் மே கிட்டார்ஸ் விற்கிறது. அதன் 'ஸ்பெஷல்' மாடலில் அடுப்பங்கணப்பு மரமும் இல்லை, மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கும் இல்லை. ஆனால் அந்த 6 ஸ்விட்ச் இருக்கிறது. விலைக்காக எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

மறைத்து வைத்த பட்டன்கள்

லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் வழி வேறு. மே எல்லாவற்றையும் வெளியே வைத்தார். பேஜ் ஒளித்து வைத்தார். 1990-களின் நடுவில் கிப்சன் வெளியிட்ட ஜிம்மி பேஜ் லெஸ் பாலைப் பார்த்தால் வழக்கமான கிட்டார் மாதிரியே இருக்கும். ஆனால் 4 நாப்களையும் மேலே இழுக்கலாம். ஒவ்வொன்றும் 'புஷ்-புல்' ஸ்விட்ச். போதாததற்கு, பிக்கார்டு எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில் இன்னும் ரெண்டு பட்டன்கள் ஒளிந்திருக்கும்.

ஹம்பக்கரில் ரெண்டு காயில் இருக்கிறது என்று சொன்னேனே, அது இங்கேதான் உதவுகிறது. ஒரு காயிலை அணைத்து சிங்கிள் காயில் ஆக்கலாம். ஒரு பிக்-அப்புக்கு உள்ளேயே சீரீஸ், பேரலல் மாற்றலாம். ரெண்டு பிக்-அப்களையும் தங்களுக்குள் சீரீஸில் கோக்கலாம். ஃபேஸ் திருப்பலாம். மேடையில் ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் பல கிட்டார்களால் பதிவு செய்ததைக் கொண்டுவர வேண்டிய ஒருவருக்கு இது அவசியத் தேவை. வீட்டில் வாசிக்கும் நமக்கு? உண்மையைச் சொன்னால், எந்த நாப் எந்த வேலை என்று நினைவில் வைப்பதே தனி வேலை.

அந்த வகையில் தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபெண்டரின் ஜாகுவார் கிட்டார் 1962-ல் வந்தபோதே ஸ்விட்ச் மயம். மேலே ஒரு தனி சர்க்யூட், அதற்குச் சிறு சக்கர நாப்கள், கீழே 3 ஸ்லைடு ஸ்விட்ச்கள். 2012-ல் வந்த தன் சிக்னேச்சர் மாடலில் மார் அந்தக் கூட்டத்தைக் குறைத்து, ஸ்ட்ராட்டில் இருப்பது போன்ற ஒரே நெம்புகோல் ஸ்விட்ச் வைத்தார். அதில் 4 நிலை: பிரிட்ஜ், ரெண்டும் பேரலல், நெக், ரெண்டும் சீரீஸ். மேலே பிரகாசத்தைக் கூட்ட ரெண்டு ஸ்லைடு ஸ்விட்ச். பாட்டின் நடுவில், பார்க்காமலே, ஒரு தட்டில் மாற்றலாம். சேர்ப்பது மட்டும் டிசைன் இல்லையே.

ஸ்டீவ் வாய் இன்னும் ஒரு படி மேலே போய் சிக்கலை வாசிப்பவரின் கண்ணிலிருந்தே மறைத்தார். 1987-ல் வந்த அவரது ஐபனீஸ் ஜெம் கிட்டாரில் ரெண்டு ஹம்பக்கர், நடுவில் ஒரு சிங்கிள் காயில், சாதாரண 5 நிலை ஸ்விட்ச். 2, 4-ம் நிலைகளுக்குப் போனால் ஹம்பக்கர் தானாகவே பாதியாகப் பிரிந்து நடு பிக்-அப்புடன் சேரும். இழுக்க நாப் கிடையாது, ஒளிந்த பட்டனும் கிடையாது.

பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோருக்கோ ஒரே ஒரு குட்டி ஸ்விட்ச் போதும். அவரது கறுப்பு ஸ்ட்ராட்டில் அதைத் தட்டினால் நெக் பிக்-அப் எந்த நிலையிலும் கூடச் சேரும். சாதாரண ஸ்ட்ராட்டில் கிடைக்காத நெக்-பிரிட்ஜ் ஜோடியும், மூன்றும் ஒன்றாகப் பேசும் சத்தமும் இதனால் கிடைக்கின்றன. அந்த ஒரிஜினல் கிட்டார் 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அதே குட்டி ஸ்விட்ச்சுடன் ஃபெண்டர் 2008-லேயே சிக்னேச்சர் மாடல் வெளியிட்டிருந்தது.

பேட்டரி போடும் கிட்டாரும் உண்டு. 1988-ல் வந்த எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட், ஃபெண்டரின் முதல் கலைஞர் சிக்னேச்சர் மாடல். ஒரு நாப்பைத் திருப்பினால் நடுச்சுரங்களை 25 டெசிபல் வரை தூக்கிவிடும் சர்க்யூட் உள்ளே இருக்கிறது. அதற்கு 9 வோல்ட் பேட்டரி தேவை. கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகும். ராத்திரி வாசித்துவிட்டு கேபிளைக் கழற்றாமல் தூங்கிப் பழகியவர்களுக்கு இந்த கிட்டார் அடிக்கடி செலவு வைக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன்

பெரும்பாலான கலெக்‌ஷன்கள் செகண்ட் ஹேண்டில்தான் வளர்கின்றன. சிக்னேச்சர் கிட்டாரின் வயரிங் சிக்கலாக இருப்பதால் அதுவே முதலில் பழுதாகும், அல்லது முந்தைய ஓனர் பொறுமை இழந்து அதை எளிமையாக்கி இருப்பார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாப் இழுத்தால் இழுபடும். உள்ளே வயர் இருக்காது.

அதனால் முதலில் அந்த மாடலின் வயரிங் படத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் இருந்து இறக்கிக்கொள்ளுங்கள். 'ஜிம்மி பேஜ் வயரிங்' என்று பொதுவாகத் தேடினால் வருபவை பெரும்பாலும் 4 நாப்களை மட்டும் வைத்து ரசிகர்கள் எளிமையாக்கியவை. கிப்சன் மாடலில் இருப்பதும் அதுவும் ஒன்றல்ல. பிறகு விற்பவரிடம் ஒவ்வொரு நிலையிலும் ஒரே சுரத்தை வாசித்து வீடியோ கேளுங்கள், எஃபெக்ட் எதுவும் இல்லாமல். நேரில் பார்க்க முடிந்தால், ஆம்ப்பை ஆன் செய்து, ஒவ்வொரு பிக்-அப்பின் மேலும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டுங்கள். ஆன் ஆனது 'டொக்' என்று உரக்கக் கேட்கும். ஆஃப் ஆனது கேட்காது, அல்லது மிக மெலிதாகக் கேட்கும்.

எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கிட்டாரில் கேபிளைச் சொருகி, வால்யூமை முழுசாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முனைகளை வைத்து ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் தனியாக சுமார் 6 கிலோ ஓம் காட்டும். அப்படி ரெண்டு பேரலலில் இருந்தால் கிட்டத்தட்ட பாதி, 3. சீரீஸில் இருந்தால் இரட்டிப்பு, 12. ஹம்பக்கர் சுமார் 8 என்றால், காயிலைப் பிரிக்கும் நாப்பை இழுத்ததும் 4-க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா, அந்த நாப் வேலை செய்யவில்லை. ஃபேஸ் மாற்றத்தை மட்டும் இந்த மீட்டரால் பிடிக்க முடியாது, அதற்குக் காதுதான். கிளாப்டன் ஸ்ட்ராட் மாதிரி பேட்டரி கிட்டார்களிலும் இந்த டெஸ்ட் செல்லாது. நடுவே சர்க்யூட் நிற்பதால் பிக்-அப்பை மீட்டர் பார்க்கவே முடியாது.

நீங்களே எதையாவது மாற்றுவதாக இருந்தால், திறந்தவுடன் போட்டோ எடுங்கள். கழற்றிய ஸ்விட்ச், நாப், கப்பாசிட்டர் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு ஜிப் கவரில் போட்டு கிட்டார் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து வாங்குபவர் ஒரிஜினல் பாகங்களைக் கேட்பார். லிமிடெட் எடிஷன்களில் புது ஈயப் பற்று இருந்தாலே கலெக்டர்கள் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. எட்டி வேன் ஹேலனின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கிட்டாரை 2007-ல் ஃபெண்டர் 300 பீஸ் மட்டும் நகலெடுத்து, ஒன்று 25,000 டாலர் என்று விற்றது. அசலில் உண்மையில் வேலை செய்தது ஒரே ஒரு பிக்-அப், ஒரே ஒரு வால்யூம் நாப். மற்றவர்கள் காப்பியடிக்க முயலும்போது குழம்பட்டும் என்று அவர் ஒரு போலி நெக் பிக்-அப்பையும், எங்கும் இணைக்காத ஒரு ஸ்விட்ச்சையும் சும்மா பொருத்தி வைத்திருந்தார். நகலிலும் அவை அப்படியே இருக்கின்றன, அசலில் திருகி வைத்திருந்த 1971-ம் வருஷத்து கால் டாலர் நாணயம் உட்பட. அந்த கிட்டாரில் மல்டிமீட்டரை வைத்து ஸ்விட்ச்சை எத்தனை முறை தட்டினாலும் ரீடிங் மாறாது. மாறினால்தான் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.